எண்ணூர்க் கதையை எங்கே அனுப்புவது?

எர்ணாவூரில் இருக்கும் ஒரு தம்பி போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு கதை அனுப்பினான். எண்ணூர் கழிமுகத்தில் கையாலேயே இறால் பிடிக்கும் ஒரு பெண், இடுப்பளவு தண்ணீரில் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கிறாள். சாம்பல் படிந்த அந்தச் சேறு அவள் விரல்களுக்குப் பழைய நாட்களைக் காட்டத் தொடங்குகிறது. முதலில் நேற்று, அப்புறம் போன வருஷம், அப்புறம் அவள் பாட்டி இதே இடத்தில் பறி என்கிற மீன்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் துழாவிய காலம். 3,200 சொற்கள். படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அவனே போன் பண்ணினான்.

"அண்ணா, கதை பரவாயில்லையா? இதை எங்கண்ணா அனுப்புறது?"

முதல் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்கு ஒரு வாரம் டைம் கேட்டேன். தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து எட்டு வருஷமாக இந்த மாதிரிக் கதைகளை எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். சிலது வந்தது, பலது திரும்பியது, சிலதற்குப் பதிலே வரவில்லை. அந்த அனுபவத்தை வைத்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அறிவியல் புனைவோ, மாயம் கலந்த மிகுபுனைவோ, கையில் ஒரு சிறுகதை முடிந்து கிடக்கிற யாருக்கும் இதே கேள்வி வரும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ளாமல் என்னுடைய இரண்டு நல்ல கதைகளை நான் இழந்தேன். ஒரு கதையை முகநூலில் போட்டாலோ, பிரதிலிபி மாதிரிச் செயலியில் ஏற்றினாலோ, அது பிரசுரமான கதை ஆகிவிடுகிறது. இதழ்களில் பெரும்பாலானவை வேறெங்கும் வெளிவராத படைப்பைத்தான் கேட்கின்றன. நண்பர்கள் நாலு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்து கேட்பது வேறு விஷயம், அதில் தப்பில்லை. எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டால் மற்ற வாசல்கள் மூடிக்கொள்ளும். அதனால் எது சிறந்தது என்று பார்ப்பதைப் போலவே எதை முதலில் முயற்சிப்பது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் திரும்பிய கதையை அடுத்த இடத்துக்கு அனுப்பலாம். எல்லோரும் பார்க்கப் போட்டுவிட்ட கதையை இதழுக்கான கதையாகத் திரும்ப ஆக்க முடியாது.

சரி, வார இதழ்கள். ஆனந்த விகடன் 1926லிருந்து வருகிறது, குமுதம் 1947லிருந்து. தமிழில் அறிவியல் புனைவை நம்மில் பலர் முதன்முதலில் படித்ததே வார இதழ்த் தொடர்களில்தான், சுஜாதாவை அப்படித்தான் வீடு வீடாகப் படித்தார்கள். என் வீட்டிலும் அம்மா தொடர்ப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தார். ஆனால் தொடருக்கு இருந்த இடம் வேறு, இன்றைக்கு ஒரு புது ஆளின் சிறுகதைக்கு இருக்கும் இடம் வேறு. இரண்டு மூன்று பக்கத்துக்குள் முடிய வேண்டும், அதில் பாதிப் பக்கத்தை ஓவியம் எடுத்துக்கொள்ளும். புது உலகம் ஒன்றைக் கட்டி, அதன் விதியைச் சொல்லி, அந்த விதி ஒரு மனுஷியை என்ன செய்கிறது என்றும் காட்ட அந்த இடம் போதாது. கடைசி வரியில் ஒரு திருப்பம் வைத்து முடிகிற சின்னக் கதை என்றால் சரி. எழுதியவர் பெயரைத் தெருவில் இருக்கிற எல்லோரும் பார்ப்பார்கள், சன்மானமும் வரும், அது சின்ன விஷயம் இல்லை. நான் ஒரு வார இதழுக்கு அனுப்பிய ரோபோ கதைக்குப் பதினான்கு மாதம் காத்திருந்தேன், பதிலே இல்லை. அதனால் அனுப்பும்போதே காலண்டரில் ஒரு தேதி குறித்துக்கொள்வது என் பழக்கம். மூன்று மாதம் ஆனால் நினைவூட்டி ஒரு மின்னஞ்சல், ஆறு மாதம் ஆனால் கதையைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு மின்னஞ்சல். அதன்பிறகுதான் அடுத்த இடம்.

கல்கி 1941ல் தொடங்கிய இதழ், 2020க்குப் பிறகு அச்சில் வருவதில்லை, இணையத்துக்குப் போய்விட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய முகவரிப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தபாலில் கதை அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பட்டியலை நம்பாமல் கடைசியாக வந்த இதழைப் பாருங்கள்.

எண்ணூர்க் கதையை வார இதழுக்கு அனுப்ப வேண்டும் என்றால் 3,200 சொல்லை ஆயிரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். எதை வெட்டுவது? பாட்டி வருகிற நடுப்பகுதியைத்தான் வெட்ட முடியும், அதை வெட்டினால் கதை போச்சு. தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தது சிற்றிதழ்கள், இடைநிலை இதழ்கள். கணையாழி 1965ல் டெல்லியில் தொடங்கியது, காலச்சுவடு 1988ல் சுந்தர ராமசாமி தொடங்கியது, உயிர்மை 2003லிருந்து. இங்கே நீளம் அவ்வளவு பெரிய தடை இல்லை. மொழி தெரிந்த ஆசிரியர்கள் படிப்பார்கள், கதை வந்தால் எழுதுகிறவர்கள் நடுவில் அது பேசப்படும். ஆனால் என் கணிப்பில் இவற்றுக்கு வருகிற கதைகளும் சரி, தேர்வாகிற கதைகளும் சரி, பெரும்பாலும் நேரடி வாழ்க்கைக் கதைகள். விண்கலம், காலப்பயணம் என்று முதல் பத்தியிலேயே தொடங்கினால் கொஞ்சம் கஷ்டம். நிஜ ஊர், நிஜத் தொழில், அதற்குள் ஒரே ஒரு விஷயம் மட்டும் இயற்கையைத் தாண்டிப் போகிறது என்கிற மாதிரிக் கதைக்கு இங்கே நிச்சயம் இடம் உண்டு. எண்ணூர்க் கதை அந்த வகைதான். அதனால் இது அவனுக்கு இரண்டாவது வாசல், முதல் வாசல் எது என்று பிறகு சொல்கிறேன்.

எந்தச் சிற்றிதழ் என்று முடிவு பண்ணக் காசு செலவழித்து எல்லாவற்றுக்கும் சந்தா கட்ட வேண்டியதில்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கினால் கன்னிமாரா நூலகம். 1896ல் திறந்தது. நாட்டில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் வந்து சேரும் நான்கு வைப்பக நூலகங்களில் அதுவும் ஒன்று. இதழ்கள் பகுதியில் அரை நாள் உட்கார்ந்து ஒரு இதழின் கடைசி ஆறு மாதக் கதைகளைப் படித்தால் போதும், அந்த ஆசிரியருக்கு எது பிடிக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்பி வரும்போது சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளையும் எட்டிப் பாருங்கள். பழைய இதழ்க் கட்டுகள் கிடைக்கும், ஒரு இதழ் இருபது வருஷத்தில் எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்பது தனிச் சுகம்.

இணைய இதழ்களுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இப்போது தமிழில் இந்த வகைக் கதைக்கு உயிர் இருக்கிற இடம் இதுதான். 2018ல் தொடங்கிய அரூ, கனவுருப்புனைவுக்கென்றே, அதாவது நிஜத்தைத் தாண்டிப் போகிற கதைகளுக்கென்றே வந்த இதழ். அந்தச் சொல்லையே அவர்களால்தான் பலர் தெரிந்துகொண்டோம். அவர்கள் நடத்திய முதல் அறிவியல் சிறுகதைப் போட்டிக்கு ஜெயமோகன் நடுவராக இருந்தார். அதில் தேர்வான கதைகளை இணையத்தில் வரிசையாகப் படித்தால் தமிழில் இந்த வகை எங்கெல்லாம் போயிருக்கிறது என்று ஒரே வாரத்தில் புரிந்துவிடும். சொல்வனம் 2009லிருந்து வருகிறது. அறிவியல் கட்டுரைகளும் மொழிபெயர்ப்புகளும் அங்கே தொடர்ந்து வருவதால், ஒரு கதையில் குவாண்டம் என்ற சொல் வந்தால் பயப்படாத வாசகர்கள் அங்கே இருக்கிறார்கள். வாசகசாலையும் இணைய இதழ் நடத்துகிறது, கதைகளைக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுகிற பழக்கம் உள்ளவர்கள் அவர்கள்.

இங்கே நீளத்துக்குக் கட்டுப்பாடு குறைவு, கதை வந்த பிறகு சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருக்கிற தமிழர்கள் அதே நாளில் படிப்பார்கள், ஐந்து வருஷம் கழித்து ஒருவர் கேட்டாலும் சுட்டியை அனுப்பலாம். அச்சிதழ் கடையிலிருந்து போய்விட்டால் கதையும் போய்விடும். இணைய இதழில் எனக்கு வந்த ஒரு கதைக்கு மூன்று வருஷம் கழித்து மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி, கடலின் உப்பளவு பற்றி நான் எழுதிய கணக்கு தவறு என்று சுட்டிக்காட்டி நீளமாகக் கடிதம் எழுதினார். அவர் சொன்னது சரிதான். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். குறை என்று பார்த்தால் இரண்டு. பெரும்பாலும் ஆர்வத்தால், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் நடத்தப்படுகிற இதழ்கள் என்பதால் பெரிய சன்மானத்தை எதிர்பார்க்க முடியாது, சில இதழ்கள் சொன்ன மாதத்தில் வராமலும் போகலாம். அனுப்பும் முன் கடைசி இதழ் எந்த மாதம் வந்தது என்று பாருங்கள். இன்னொன்று, யூனிகோடில் தட்டச்சு செய்து வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் எதிர்முனையில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், அதைச் சரிசெய்துகொண்டிருக்க ஆசிரியருக்கு நேரம் இருக்காது.

தம்பி இந்த இடத்தில் கேட்டான், "அண்ணா, இங்கிலீஷ்ல அனுப்பினா காசு தராங்களாமே?"

தருகிறார்கள், உண்மைதான். அமெரிக்காவில் இருக்கும் அறிவியல் புனைவு, மிகுபுனைவு எழுத்தாளர் சங்கம் 2019லிருந்து ஒரு சொல்லுக்கு 8 சென்ட் என்பதைத் தொழில்முறைக் கூலியாக வைத்திருக்கிறது. கணக்குப் போடுங்கள். தமிழில் 3,000 சொல் உள்ள கதை ஆங்கிலத்தில் 4,000ஐத் தாண்டும், ஏனென்றால் 'போகவேண்டியிருந்ததால்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை அவர்கள் ஐந்து ஆறு சொல்லாகச் சொல்ல வேண்டும். 4,000 சொல்லுக்கு 320 டாலர். நம்ம காசில் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல். சிறுகதை எழுதி வீட்டு வாடகையும் கரண்ட் பில்லும் கட்டலாம் என்பது நமக்கெல்லாம் புதுச் செய்தி.

ஆனால் அந்த வாசலில் கூட்டம் அதிகம். அனலாக் என்ற அமெரிக்க இதழ் 1930லிருந்து வருகிறது, அறிவியல் கறாராக இருக்க வேண்டும், கதையின் அறிவியலை உருவிவிட்டால் கதையே நிற்கக் கூடாது. அசிமோவ்ஸ் 1977லிருந்து, அங்கே மனிதர்கள் மேல் கொஞ்சம் கூடுதல் கவனம். ஸ்ட்ரேஞ்ச் ஹொரைஸன்ஸ் 2000ல் தொடங்கிய இணைய இதழ், தன்னார்வலர்கள் நடத்துவது, பல நாடுகளின் குரல்களைத் தேடி எடுக்கிறவர்கள், குறிப்பிட்ட நாட்களில் மட்டும் கதவைத் திறப்பார்கள். பினீத் சீஸ்லெஸ் ஸ்கைஸ் 2008லிருந்து, கற்பனை உலகில் நடக்கும் மிகுபுனைவுக்கு மட்டும், ஆகவே எண்ணூர் என்ற நிஜ ஊரில் இன்றைக்கு நடக்கிற கதையை அங்கே அனுப்புவது இரண்டு பேருக்கும் நேர விரயம். கிளார்க்ஸ்வேர்ல்ட் 2006ல் நீல் கிளார்க் தொடங்கியது. 1,000 சொல்லிலிருந்து 22,000 சொல்வரை எடுக்கிறார்கள், அந்த 8 சென்டைவிடக் கூடுதலாகவே தருகிறார்கள், பதிலும் பெரும்பாலும் சில நாட்களில் வந்துவிடும். எனக்கு ஒருமுறை இரண்டாம் நாளே வேண்டாம் என்று பதில் வந்தது. மனசு வலித்தது, ஆனால் மூன்றாம் நாளே அதே கதையை அடுத்த இடத்துக்கு அனுப்ப முடிந்தது. பதினான்கு மாதக் காத்திருப்பை ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு இந்த வேகத்தின் மதிப்பு தெரியும்.

அதே கிளார்க்ஸ்வேர்ல்ட் 2023 பிப்ரவரியில் கதவை அடைத்தது. இயந்திரம் எழுதிய கதைகள் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 500க்கு மேல் வந்து குவிந்ததுதான் காரணம். அடுத்த மாதம் திறந்தார்கள், ஆனால் செயற்கை நுண்ணறிவுக் கருவியால் எழுதியதோ திருத்தியதோ மொழிபெயர்த்ததோ எதுவும் வேண்டாம் என்பது இப்போது அவர்கள் விதி. நமக்கு இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. தமிழில் எழுதி, ஏதாவது கருவியில் ஆங்கிலமாக மாற்றி, கொஞ்சம் தட்டிக்கொட்டி அனுப்பலாம் என்று நினைத்தால் அது அங்கே செல்லாது. ஒன்று நீங்களே ஆங்கிலத்தில் எழுத வேண்டும், இல்லை ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து செய்ய வேண்டும். இரண்டாவது வழிக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைஸன்ஸ்காரர்கள் 2017ல் சமோவார் என்று மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு இதழ் தொடங்கினார்கள். மூலமொழியையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள். ஒரு வெளிநாட்டு இதழின் பக்கத்தில் தமிழ் எழுத்து தமிழாகவே நிற்கும். எனக்கு அந்த எண்ணமே ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஆங்கில இதழ்களைத் தேட இரண்டு தளங்கள். டுயோட்ரோப் முன்பு இலவசமாக இருந்தது, 2013ல் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் இலவசமாகவே தருவோம் என்று சப்மிஷன் கிரைண்டர் வந்தது, இன்றுவரை இலவசம். நீளம், வகை, கூலி என்று கொடுத்துத் தேடினால் இன்றைக்கு எந்த இதழ் திறந்திருக்கிறது, அங்கே அனுப்பியவர்களுக்குச் சராசரியாக எத்தனை நாளில் பதில் வந்தது என்று காட்டும். நாம் அனுப்பியதையும் அதில் குறித்து வைக்கலாம். நம்ம ஆட்களுக்கு கிரைண்டரே போதும், மாதாமாதம் டாலரில் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. தமிழ் இதழ்களுக்கு இப்படி ஒன்று இல்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. அதனால் ஒரு நோட்டில் இதழ், அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி, என்ன பதில் என்று நானே எழுதி வருகிறேன். தம்பிக்கு அதன் போட்டோவை அனுப்பினேன்.

ஒரே கதையை இரண்டு இதழுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாமா என்பது எல்லோரும் கேட்பது. கிளார்க்ஸ்வேர்ல்ட் போன்ற இடங்களில் கூடாது. தமிழ் இதழ்களில் எழுதி வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வட்டம், எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள், ஒரே கதை ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் வந்தால் எழுதியவர் பெயர்தான் கெடும். பணம் வருவதைப் பற்றியும் கேட்டான். வெளிநாட்டிலிருந்து பேபால் வழியாக வாங்கிக்கொள்ளலாம், பான் அட்டையும் வங்கிக் கணக்கும் வேண்டும், அவ்வளவுதான்.

பிரதிலிபியையும் கிண்டிலையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெரம்பூரில் டியூஷன் எடுக்கிற ஒரு அக்கா, கடலுக்கடியில் ஒரு அரசு, அதன் இளவரசிகள் என்று நாற்பது அத்தியாயம் எழுதினார். எந்த இதழ் அதைப் போடும்? பிரதிலிபியில் வாரம் ஒன்றாக ஏற்றினார், அத்தியாயம் வந்த ராத்திரியே கருத்துகள் வந்தன, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று வாசகிகள் சண்டை போட்டார்கள். அவருக்கு அதுதான் சரியான இடம். கிண்டிலில் தனிச் சிறுகதை போட்டு வாசகரைத் தேடுவது கஷ்டம். பத்துப் பன்னிரண்டு கதைகள் இதழ்களில் வந்து முடிந்த பிறகு தொகுப்பாகப் போடுவதற்கு நல்ல வழி. ஆனால் கிண்டிலின் செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால் 90 நாள் அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, இணையத்தில் ஏற்கெனவே வந்த கதைகளைத் தொகுக்கும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வகையை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். தொகுப்பு நூலில் உங்கள் கதைக்கும் இடம், அதற்கு இவ்வளவு கட்டுங்கள், சான்றிதழும் கேடயமும் தருகிறோம் என்று வருகிற அழைப்புகள். ஆரம்பத்தில் ஒன்றுக்கு நானும் 700 ரூபாய் கட்டினேன். நூலில் என் கதையின் கடைசிப் பக்கமே இல்லை, கேட்டால் போனை எடுக்கவில்லை. நான் மேலே சொன்ன அறிவியல் புனைவு இதழ்கள் எதுவும் கதையைப் படிக்கக் காசு கேட்பதில்லை. கேட்கிற இடம் எதுவாக இருந்தாலும் அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கடைசியில் தம்பியின் கதைக்கு இப்படி முடிவானது. முதலில் இணைய இதழ். நீளம் பொருந்துகிறது, கதை கனவுருவா அறிவியலா என்று யாரும் எல்லை போட மாட்டார்கள், எண்ணூரைத் தெரியாத தமிழர்களும் படிப்பார்கள். திரும்பினால் சிற்றிதழ், அதற்கு முன்னால் அவன் ஒரு சனிக்கிழமை என்னோடு கன்னிமாராவுக்கு வருவதாக ஒப்பந்தம். தமிழில் வெளிவந்த பிறகு, ஏற்கெனவே வந்த கதையை ஏற்பார்களா என்று அன்றைய விதியைப் படித்துப் பார்த்து, மொழிபெயர்க்க ஆள் கிடைத்தால், சமோவார். பெயரை நினைத்து அவன் வார இதழைத்தான் முதலில் ஆசைப்பட்டான். அவன் அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர், அவரும் படிக்கிற மாதிரி வர வேண்டும் என்பது அவன் ஆசை. அது நியாயமான ஆசை, அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் பாட்டி வருகிற பகுதியை வெட்டிய வடிவத்தை அவனே ஒருமுறை செய்து பார்த்து, படித்துவிட்டு, வேண்டாம்ணா என்றான். அம்மாவுக்குக் கதையை முழுசாக அவனே படித்துக் காட்டினானாம். பறியைப் பல்லில் கடிக்கும்போது கழுத்து எப்படி இருக்கும் என்று அவர் ஒரு திருத்தம் சொல்லியிருக்கிறார்.

அந்தத் திருத்தத்தோடு போன புதன்கிழமை அனுப்பினான். என் நோட்டிலும் தேதியைக் குறித்திருக்கிறேன்.